குட்டையில் சத்தமே இல்லையா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் தவளைக் குரல் கேட்கப் போகிறவர்களுக்கு

தோப்புக்குள் தேங்கிய மழைத்தண்ணீர் ஓரமாக இருட்டில் உட்கார்ந்து தவளைகள் கத்துவதைக் கேட்க ஆசைப்பட்டு, ஒருமுறை போய் ஏமாந்து, "இங்கெல்லாம் தவளையே கிடையாதுங்க" என்று திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு கேப்பர் மலைப் பக்கம். பண்ருட்டி முந்திரிக்காடு முதல் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு வரை மழைக்காலம் தவறாமல் போய் உட்கார்கிறவன் நான். தவளைகள் இருக்கின்றன. போன நாள், நின்ற இடம், நின்ற விதம் இந்த மூன்றில் ஒன்றில்தான் அநேகமாகப் பிழை இருக்கும். உங்களுக்கு நேர்ந்தது எது என்று பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

"பங்குனியில் போனேன். குட்டையே இல்லை, வெடித்த மண்தான் இருந்தது"

வசந்தத்தில் காட்டுக்குட்டைகளுக்குப் போங்கள் என்று எங்கேயோ படித்திருப்பீர்கள். அந்த அறிவுரை சரியானதுதான், ஆனால் அது வட அமெரிக்காவுக்கு உரியது. அங்கே மார்ச், ஏப்ரலில் பனி உருகிக் காட்டுப் பள்ளங்களை நிரப்பும். குளிர்காலம் முழுக்க இலைச்சருகுக்கு அடியில் உடம்பு உறைந்து கிடந்த காட்டுத்தவளை உயிர்பெற்று வந்து வாத்து கத்துவதுபோலக் கத்தும். விரல் நுனியளவு இருக்கும் இன்னொரு சின்னத் தவளை விசில் அடிக்கும். கோடையில் அந்தக் குட்டைகள் வற்றிவிடும்.

நம் ஊரில் நாட்காட்டி தலைகீழ். பங்குனி, சித்திரையில் நம் தவளைகள் பலவும் மண்ணுக்குள் இருக்கின்றன. அங்கே குளிருக்குப் பயந்து ஒடுங்குகிற உயிர் இங்கே வறட்சிக்குப் பயந்து ஒடுங்குகிறது. இங்கே குட்டையை நிரப்புவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் ஐப்பசியின் முதல் பெருமழைதான் நமக்கு வசந்தம். நடுவில் இரண்டு சின்ன வாய்ப்புகள் உண்டு. ஒன்று, மே மாதத்தில் திடீரென்று கொட்டும் கோடைமழை. இன்னொன்று, ஆடி, ஆவணி மாலைகளில் மேற்கே கறுத்துக்கொண்டு வரும் இடிமழை. தண்ணீர் தேங்குகிற அளவுக்குப் பெய்தால் அன்றைக்கு இரவே கிளம்பலாம்.

பங்குனியிலேயே கேட்டாக வேண்டும் என்றால் வற்றாத கோயில் குளத்துக்கோ ஏரி மதகுக்கோ போங்கள். அங்கே நீர்மேல் தத்தித் தத்தி ஓடுகிற தவளை வருஷம் முழுக்கக் கொடகொடவென்று பேசிக்கொண்டிருக்கும்.

"நல்ல மழை பெய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன், ஒன்றிரண்டுதான் கத்தியது"

வருகிற புகார்களில் பாதிக்குமேல் இதுதான். பிழை, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தது.

முதன்முதலில் இதே தவற்றைச் செய்துவிட்டு முந்திரித்தோப்பில் நின்றபோது, காவலுக்கு இருந்த பெரியவர் சொன்னார்: "மழை விட்ட அன்னிக்கே வந்துருக்கணும் தம்பி. இப்ப வந்தா தலைப்பிரட்டைதான் கெடக்கும்." டார்ச்சை அடித்துக் காட்டினார். குட்டை ஓரம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள் நெளிந்தன. நான் கேட்க வந்த கச்சேரி ஆறு நாள் முன்பே முடிந்து பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளைகளுக்கு அவசரம் அதிகம். குட்டை எப்போது வற்றும் என்று தெரியாது. அதற்குள் ஆண் கத்தி, பெண் வந்து, முட்டையிட்டு, தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற வேண்டும். அதனால் காய்ந்த நிலத்தில் முதல் பெருமழை விழுந்த இரவும் அதற்கடுத்த இரவும்தான் அவற்றின் திருவிழா. மூன்றாம் நாள் பார்த்தால் அந்த இடத்தில் அவை இருந்த சுவடே தெரியாது. "நுணலும் தன் வாயால் கெடும்" என்கிற பழமொழியை இந்த இரண்டு இரவுகளில் கேட்டவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வருஷத்தில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் கிடக்கிற ஜீவன், அந்த இரண்டு நாளில் மட்டும் ஊருக்கே தன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது.

பெரிய தவளையும் அப்படித்தான். மழைநாளில் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடைக்கு இரண்டு பக்கமும் நீலப் பைகளை உப்பிக்கொண்டு தண்ணீரில் ஒன்றையொன்று துரத்தும். இதைப் பார்க்க இரவுகூட வேண்டாம். பெருமழை ஓய்ந்த காலையில் வயல் ஓரப் பள்ளங்களில் பட்டப்பகலில் நடக்கும். மறுநாள் அதே தவளைகள் மங்கிய பச்சையில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆகவே கிழமையை விட்டுவிட்டு மழையைப் பாருங்கள். பகலில் பெய்து மாலையில் ஓய்ந்து, காற்று அசையாமல் புழுங்கினால் அதுவே சரியான இரவு. ஐப்பசியில் இங்கே ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். இருட்டி அரைமணி கழித்துக் குட்டை ஓரம் இருங்கள், ஒன்பது மணி வரை உட்காருங்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள், இலையில் விழும் சத்தத்தில் எதுவும் கேட்காது. புயல் நாட்களில் கிளம்பவே கூடாது. தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் மழையைத் தவறவிட்டால் அந்த வருஷம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மரத்தவளையும் சின்னஞ்சிறு குறுவாய்த் தவளைகளும் கார்த்திகை வரை மழைக்கு மழை கத்தும்.

"தூரத்தில் நன்றாகக் கேட்டது. கிட்டே போனதும் நின்றுவிட்டது"

நீங்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். காலடி அதிர்வையும் ஆடும் வெளிச்சத்தையும் அவை உணர்ந்துவிட்டன. தலைக்குமேலே நாரை வந்து நின்றாலும் அவை இப்படித்தான் வாய் மூடும்.

விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். நிற்க வேண்டாம், நிற்கிறவர் தன்னையறியாமல் காலை மாற்றிக்கொண்டே இருப்பார். பத்து நிமிஷம், சில இடங்களில் கால்மணி நேரம் ஆகும். முதலில் எங்கோ ஒன்று தயங்கித் தயங்கிக் கத்தும், இன்னொன்று பதில் சொல்லும், பிறகு திறந்துவிட்ட மதகு மாதிரி எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்த முதல் குரலுக்காகக் காத்திருக்கிற நேரம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். செல்போன் திரையைக் கவிழ்த்து வையுங்கள். நான்கு பேருக்கு மேல் கூட்டமாகப் போக வேண்டாம்.

"பெரிய ஏரிக்கரையில் நின்றேன். தண்ணீர் நிறைய, குரல் குறைவு"

தண்ணீர் நிறைய இருப்பதே காரணம். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, வீராணம் எல்லாவற்றிலும் மீன் உண்டு. முட்டையையும் தலைப்பிரட்டையையும் மீன் விடாது. அதனால்தான் பல தவளைகள் ஆறேழு வாரத்தில் வற்றிவிடும் அற்பக் குட்டைகளைத் தேடிப் போகின்றன. வற்றுகிற இடத்தில் மீன் தங்காது.

ஏரிக்குப் போனால் கரைமேல் நிற்காமல் கரைக்கு வெளியே இறங்குங்கள். மதகுக்குக் கீழே கசிவு தேங்கும் பள்ளம், செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த குழி, தோப்புக்கு நடுவே வண்டித்தடம் ஆழமாகி நீர் நிற்கும் இடம், கோயில் காட்டின் ஓரத்துத் தாழ்நிலம். முழங்கால் ஆழம் போதும். செம்மண்ணில் தேநீர் நிறத்தில் நிற்கும் இப்படிப்பட்ட பள்ளங்களில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். பிச்சாவரம் போன்ற உப்பங்கழிகளில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். நம் தவளைகளின் தோலுக்கு உப்புநீர் ஆகாது.

ஏரிக்கே உரிய ஒரு தவளை உண்டு. தாமரையும் அல்லியும் படர்ந்த ஆழநீரில் இலைமேல் உட்கார்ந்திருக்கும் பளிச்சென்ற பச்சைத் தவளை அது. புதுச்சேரிக்காரர்கள் பெருமைப்படலாம்: 1834-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஸ்ஸோன் இதை அறிவியலுக்கு முதன்முதலாக விவரித்தபோது, அவர் கையில் இருந்தது புதுச்சேரியிலிருந்து போன தவளைதான். வளர்ந்த தவளைகள் நீர்ச்செடிகளையும் தின்னும் என்பது தவளை இனத்தில் அபூர்வம். இதையும் மஞ்சளாக மாறும் பெரிய தவளையையும் ஒருகாலத்தில் காலுக்காகப் பிடித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1987-ல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது. அந்தத் தடை வராமல் போயிருந்தால் இந்தக் குரல்களில் எத்தனை நமக்கு மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொரு மழைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

"ஒரே இரைச்சல். எது எந்தத் தவளை என்று பிரியவில்லை"

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க முயல்வதுதான் சிக்கல். நாதஸ்வரக் கச்சேரியில் தவிலை மட்டும் தனியாகப் பின்தொடர்வதுபோல ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அதிலேயே இருங்கள். கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்துத் தலையை மெல்லத் திருப்புங்கள். எந்தப் பக்கம் குரல் கூடுகிறதோ அந்தப் பக்கம் அது இருக்கிறது. கத்துவது ஆண்தான். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்கும் நடுவே காற்றை முன்னும் பின்னும் தள்ளுகிறது. பொதுவாக உடம்பு பெரிதானால் குரல் கனக்கும், சிறிதானால் கீச்சிடும்.

கனத்த குரலில் தொடங்குங்கள். தொண்டைக்கு அடியிலிருந்து "க்ராங்... க்ராங்" என்று வந்தால் அது மஞ்சள் வேடம் போடும் பெரிய தவளை. நடுத்தரச் சுருதியில் "குர்ர்ர்ர்" என்று மூச்சுவிடாமல் உருண்டுகொண்டே போனால் தேரை. வீட்டு வாசலில் விளக்கடியில் பூச்சி தின்னும் அதே சொறசொறத் தேரைக்கு இவ்வளவு இனிய குரல் என்று பலர் நம்பவே மாட்டார்கள். தண்ணீருக்கு மேலே, கிளையிலிருந்தோ தொட்டிச் சுவரிலிருந்தோ, மரக்கட்டையைத் தட்டுவதுபோல "டக்... டக்... டக்டக்டக்" என்று கேட்டால் மரத்தவளை. புதுச்சேரி வீடுகளின் குளியலறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புத் தவளை இதுதான். காலையில் வந்து பாருங்கள், நீருக்கு மேலே தொங்கும் இலையில் வெள்ளை நுரை உருண்டை ஒட்டியிருக்கும். முட்டைகள் அதற்குள் இருக்கின்றன. பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும்.

சீப்பின் பல்லில் நகத்தை வைத்து இழுத்ததுபோல "கிர்ர்ர்க்... கிர்ர்ர்க்" என்று காலடியிலேயே கேட்கும், எவ்வளவு தேடினாலும் அகப்படாது. அது குறுவாய்த் தவளை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, கத்தினால் குட்டை முழுக்க நிறையும். வயல் பக்கமாக "ட்ரிட்-ட்ரிட்-ட்ரிட்" என்று வேகமாக அடுக்கினால் வயல்தவளை. முதல் மழை இரவில் மட்டும் "வாங்... வாங்" என்று மணல் ஓரத்திலிருந்து வருவது புதைதவளை. குட்டை நடுவே பந்துபோல உப்பி மிதந்தபடி கத்திக்கொண்டிருந்தால் அது உப்புத்தவளை வகை. அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு வேறெதுவும் தேட வேண்டாம், உட்கார்ந்து அதையே கேளுங்கள்.

எத்தனை என்று எண்ண வேண்டுமானால் அமெரிக்கத் தன்னார்வலர்கள் கடைப்பிடித்த ஒரு முறை நமக்கும் பயன்படும். ஐந்து நிமிஷம் கேட்டு, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் போடுங்கள். குரலே இல்லாவிட்டால் 0. தனித்தனியாக எண்ண முடிந்தால் 1. குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2. இடைவெளியே இல்லாத கூட்டுக்குரல் என்றால் 3. தலை எண்ணிக்கை எழுத முயல வேண்டாம், இருட்டில் அது ஊகமாகத்தான் இருக்கும்.

"தவளை என்று தேடிப் போனால் தவளையே இல்லை"

மூன்று பேர் நம்மை ஏமாற்றுவார்கள். ஈரமண்ணுக்குள்ளிருந்து ஒரே சுருதியில் நிறுத்தாமல் ரீங்கரிப்பது பிள்ளைப்பூச்சி. தவளை விட்டுவிட்டுக் கத்தும், பக்கத்தில் இருப்பது பதில் சொல்லும். பிள்ளைப்பூச்சி யாருக்கும் பதில் சொல்லாது. நாணல் புதரிலிருந்து "குவாக் குவாக்" என்று விடிய விடியக் கத்துவது கானாங்கோழி. இதற்கு நானே இரண்டு மழைக்காலம் தவளை என்று குறிப்பெழுதி, பிறகு விடியற்காலையில் வெள்ளை நெஞ்சோடு அது வெளியே வந்தபோது அடித்துத் திருத்தினேன். முந்திரிக்காட்டில் கல் துள்ளித் துள்ளி அடங்குவதுபோல "சக் சக் சக்... துக்ரூ" என்று கேட்டால் பக்கி என்கிற இரவுப் பறவை. மரத்தவளையோடு குழம்ப வாய்ப்புண்டு. ஆனால் பக்கி தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாது, வெட்டவெளித் தரையில் உட்கார்ந்திருக்கும்.

"செல்போனில் பதிவு செய்தேன். வீட்டில் போட்டால் கரகரப்புதான்"

வாட்ஸப் குரல்பதிவில் எடுத்திருப்பீர்கள். அது மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சல்லாததையெல்லாம் இரைச்சல் என்று கருதி அமுக்கிவிடும், தவளையும் அதில் போய்விடும். ஒலிப்பதிவுச் செயலியில் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, வேவ் (WAV) கோப்பு வடிவத்தில் பதியுங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், விரல் அசைவதுகூடப் பதிவாகும். கரையில் துண்டை மடித்து அதன்மேல் வைத்துவிட்டு நான்கடி தள்ளி உட்காருங்கள். தொடக்கத்தில் நாள், நேரம், இடம், கடைசியாக எப்போது மழை பெய்தது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பத்து நொடிதான் அந்தப் பதிவுக்கு மதிப்பைத் தரும்.

பறவைக்குரல் காட்டும் செயலியிடம் தவளையைக் கேட்காதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒலியை ஏற்றினால் தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள். கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் ஒலிநிறமாலையாகத் திறந்து பார்த்தால் பெரிய தவளை கீழேயும் சிள்வண்டு மேலேயுமாகத் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். காதுக்குப் பிரியாதது கண்ணுக்குப் பிரியும்.

"இருட்டில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது"

அந்தப் பயம் இருக்கட்டும். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். தண்ணீர்ப்பாம்பும் சாரையும் விஷமில்லாதவை. கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் அப்படியல்ல, இரண்டும் பெரும்பாலும் இரவில் நடமாடும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நடக்கும்போது மட்டும் வெள்ளை வெளிச்சம், உட்காரும் இடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருவது. கடித்தால் கட்டுப்போடுவதோ கீறுவதோ வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பாம்பைவிட எனக்குப் பயம் தோப்புக் கிணறுகள்தான். கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரைமட்டத்தில் இருக்கும். பகலில் ஒருமுறை போய் வழியைப் பார்த்துவிட்டு, தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டு, பன்றிக்காக மின்வேலி போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுவிட்டுத்தான் இரவில் போக வேண்டும். கொசு மருந்து தடவிய கையால் தவளையைத் தொடாதீர்கள். அதன் தோல் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"போன வருஷம் கத்திய குட்டை. இந்த வருஷம் தண்ணீர் இருந்தும் அமைதி"

மேலே சொன்ன நாள், நேரம் எல்லாம் சரியாக இருந்தும் அமைதி என்றால் குட்டையைப் பகலில் போய்ப் பாருங்கள். முதலில் மீன். கொசுப்புழு ஒழிக்க விடும் கம்பூசியா மீன் தவளை முட்டையையும் பிஞ்சுத் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும். சோறு நான்கு பருக்கை போட்டால் சின்ன மீன்கள் மேலே வருகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, கரையைச் சுற்றிப் புதிதாக எரியும் விளக்கு, பக்கத்துத் தோப்பில் சமீபத்தில் அடித்த பூச்சிமருந்து, குட்டைக்கு நீர்வரும் சரிவில் எழுந்த சுவர். தூர்வாருகிறேன் என்று ஓரங்களைச் செங்குத்தாக வெட்டியிருந்தாலும் தவளை வராது. அதற்குக் கால் ஊன்ற ஆழமில்லாத சரிவு வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நான் எட்டு வருஷம் கேட்ட ஒரு குட்டையில் இப்படி மீன் விட்டார்கள். கொசுத்தொல்லை நிஜம்தான், அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அந்த ஐப்பசியில் இரண்டு இரவு அங்கே உட்கார்ந்தேன், மரத்தவளை ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. மூன்றாம் இரவு எழுந்து வீட்டுக்குத் திரும்பும்போது முந்நூறு அடி தள்ளி, ரோடு போட மண்ணெடுத்த குழியிலிருந்து குறுவாய்த் தவளைகளின் குரல் கேட்டது. முழங்கால் ஆழம்கூட இல்லை, முந்தின மாதம் வரை அது வெறும் பள்ளம். குறிப்பேட்டில் குறுவாய்த் தவளை வரிசையில் பழைய குட்டைக்கு எதிரே 0 என்றும், புதிய குழிக்குப் பெயர் இல்லாததால் "ரோட்டுப் பள்ளம்" என்றும் எழுதி, அதற்கு எதிரே 3 போட்டேன்.